வைரஸ் என்று நான் சொன்னது

மூன்று வருடத்துக்கு முன்னால், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடம் ஆரம்பாக்கம். கும்மிடிப்பூண்டியிலிருந்து வடக்கே ரயிலில் போனால் ஆந்திர எல்லைக்குச் சற்று முன்னால் வரும் ஊர். என்னோடு வேலை பார்த்த ஒரு பெண்ணின் வீட்டுக் கம்ப்யூட்டரைச் சரிசெய்து கொடுக்கப் போயிருந்தேன். போன வேலை என்னவோ நன்றாகத்தான் முடிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் மனசில் கிடந்து அறுக்கிறது.

நான் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், வண்டி உதிரிபாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் ஹார்டுவேர் கோர்ஸ் ஒன்று படித்தேன். அந்தப் படிப்பு எனக்கு வேலை எதுவும் வாங்கித் தரவில்லை. ஆனால் ஆபீஸில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினாலும் "அக்காவைக் கூப்பிடு" என்கிற பேரை வாங்கித் தந்தது. பிரிண்டரில் பேப்பர் சிக்கினால்கூட என்னைத்தான் தேடுவார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்தப் பெண்ணுக்கு எனக்கு எதிர் மேஜை. என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவள். காலையில் ஆரம்பாக்கத்தில் லோக்கல் ஏறி வந்து, ஸ்டேஷனிலிருந்து என்னோடு ஷேர் ஆட்டோவில் வருவாள். தபாலில் பி.காம் படித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவருக்கு வள்ளூர் அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை, ஷிப்ட் மாறி மாறி வரும். அமைதியான மனிதர். கம்பெனி வாசலில் அவளைக் கூட்டிப்போக வண்டியோடு நிற்கும்போதெல்லாம் என்னைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்காமல் போக மாட்டார்.

அவர்தான் ஒரு கல்யாண நாளுக்கு அவளுக்குக் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்தார். "படிக்கிறியே, உனக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்" என்றாராம். கேன்டீனில் ஒரு வாரம் எங்களுக்கு அதுதான் பேச்சு. பொண்டாட்டி படிப்புக்குக் கம்ப்யூட்டர் வாங்கித் தருகிற புருஷன் யாருக்கு வாய்ப்பான் என்று ஆளாளுக்குப் பெருமூச்சு விட்டோம். நான் வீட்டுக்குப் போய் என் கணவரிடம் அதைச் சொல்லிக் குத்திக் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில மாதம் கழித்து அது மெதுவாகிவிட்டது என்று புலம்ப ஆரம்பித்தாள்.

"யக்கா, ஆன் பண்ணிட்டுப் போய் நாஷ்டா செஞ்சி முடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கினே இருக்குது. பேஜாரா போச்சு. ஒரு தபா ஊட்டுக்கு வந்து பாரேன்."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். கணவருக்குப் பகல் ஷிப்ட். என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்துவிட்டு, போண்டா போடுகிறேன் என்று அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். அடுப்படிக்கும் எனக்கும் நடுவில் ஒரு திரைச்சீலைதான். பேசிக்கொண்டே வேலை செய்தோம்.

நான் முதலில் திறந்தது பாதுகாப்பு செட்டிங்ஸ் பக்கத்தை. எப்போதும் ஆன் ஆகியிருக்க வேண்டிய வைரஸ் தடுப்பு அணைந்திருந்தது.

"இத நீ ஆஃப் பண்ணியா?"

"நா அந்தப் பக்கமே போனதில்லக்கா. அவரு கூட ரெண்டு தபா பாத்தாரு. ஒண்ணும் இல்லன்னுட்டாரு."

இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். தடுப்பை ஆன் செய்தாலும் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் சோதிக்கக் கூடாது என்று யாரோ அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த ஃபோல்டரைத் தேடித் திறந்தேன். உள்ளே ஒரு புரோகிராம். பேரைப் பார்த்தால் கம்ப்யூட்டரோடு வந்த ஏதோ ஒன்று போலத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் ஏகப்பட்ட படங்கள். ஒன்றைத் திறந்தேன். கம்ப்யூட்டர் திரையையே படம் எடுத்தது. இன்னொன்று, இன்னொன்று என்று எல்லாமே அப்படித்தான். அவள் பாடம் படித்த பக்கம், ரயில் நேரம் பார்த்த பக்கம், மெயில் எழுதிக்கொண்டிருந்த பக்கம். கூடவே ஒரு ஃபைலில் அவள் தட்டிய ஒவ்வொரு எழுத்தும், அடித்துத் திருத்தியது உட்பட, வரிசையாக இருந்தது.

மெயில் பக்கத்தின் மேலே செவ்வாப்பேட்டையில் இருக்கும் அவள் தங்கையின் பேரைப் பார்த்தேன். உடனே மூடிவிட்டேன். மற்றவர்கள் கடிதத்தை நான் படிக்கக் கூடாதே. ஆனால் யாரோ தினமும் படித்துக்கொண்டுதானே இருந்திருக்கிறார்கள்?

யார் என்றும் அங்கேயே இருந்தது. இதையெல்லாம் அன்றன்றைக்கு எந்த மெயிலுக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு முகவரி கொடுத்திருந்தார்கள். அதில் அவள் கணவர் பேரும் அவர்கள் கல்யாணத் தேதியும். ஃபோல்டரை உருவாக்கிய தேதியைப் பார்த்தேன். கம்ப்யூட்டர் அந்த வீட்டுக்கு வந்த அதே வாரம்.

திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் எண்ணெய் கொதிக்கிற சத்தம். அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். நானும் "ம்" கொட்டுகிறேன். என்ன சொன்னாள் என்பது காதில் ஏறவில்லை.

தட்டோடு வந்தவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சி? பெரிய ரிப்பேரா?"

சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்காரவைத்து, இதோ பார் என்று காட்டியிருக்கலாம். வாய் வரை வந்தது. என்னால் ஒரு குடும்பம் பிரிந்ததென்று ஆகிவிடக் கூடாதே என்ற பயம் வந்து நடுவில் நின்றுகொண்டது.

"வைரஸ்தான்" என்றேன். "கண்ட கண்ட சைட்லருந்து வந்திருக்கும். எடுத்துடறேன்."

"அவ்ளோதானா? நா பயந்தே பூட்டேன்" என்று சொல்லி, சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளி வைத்தாள்.

எடுத்தேன். புரோகிராமை நீக்கினேன். படங்கள், அந்த எழுத்து ஃபைல் எல்லாவற்றையும் அழித்தேன். கம்ப்யூட்டரில் அழித்தவை போய் விழும் குப்பைத் தொட்டியையும் விடாமல் காலி செய்தேன். அவள் கண்ணில் ஒரு துண்டுகூடப் பட்டுவிடக் கூடாது என்பதுதான் என் நினைப்பு. பிறகு வைரஸ் தடுப்பை ஆன் செய்தேன். சோதிக்காதே என்று எழுதியிருந்ததை எடுத்துவிட்டேன். இனிமேல் பாஸ்வேர்டு இல்லாமல் யாரும் எதையும் அதில் ஏற்றவோ செட்டிங்ஸை மாற்றவோ முடியாதபடி செய்து, அவளையே ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னேன்.

"எனக்கு எதுக்குக்கா பாஸ்வேர்டு?"

"வெச்சுக்கோ. யார் கேட்டாலும் சொல்லாத. உன் ஊட்டுக்காரர் கேட்டாகூடச் சொல்லாத."

விளையாட்டுக்குச் சொல்வது போலத்தான் சொன்னேன். உண்மையைச் சொல்லத் தைரியமில்லாமல் இப்படி ஒரு ஜாடை. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். "அவருக்குத் தெரியாம எங்கிட்ட இன்னாக்கா இருக்குது?"

கம்ப்யூட்டர் புதுசு போல ஓடியது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். திரும்பி வரும்போது ரயிலில் என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்த மனிதர் வந்து பார்ப்பார், மாட்டிக்கொண்டோம் என்று அவருக்கே புரியும், வெட்கப்பட்டு விட்டுவிடுவார், அவளுக்குத் தெரியாமலே எல்லாம் சரியாகிவிடும். வீட்டில் என் கணவரிடம் சொன்னபோது அவரும், "நீ செஞ்சதுதான் கரெக்ட். புருஷன் பொண்டாட்டி விஷயத்துல நாம எதுக்கு?" என்றார். அப்படி ஒருவர் சொல்லக் கேட்க வேண்டும் என்றுதான் நானும் காத்திருந்தேன் போலிருக்கிறது.

திங்கட்கிழமை அவள் வழக்கம்போல வந்தாள். கம்ப்யூட்டர் எப்படி ஓடுகிறது என்று எல்லாரிடமும் என்னைப் பற்றிப் பெருமை பேசினாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். காய்ச்சலாக இருக்கும் என்று சூப்பர்வைசர் சொன்னார்.

அடுத்த வாரம் ஒரு நாள், யூனிபார்ம் இல்லாமல் சேலையில் வந்தாள். அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள். வேலையை விடுகிறாளாம். கேன்டீனில் கை கழுவுகிற இடத்தில் என்னைத் தனியாகப் பிடித்தாள். ஒரு வாரத்தில் அவள் முகம் எப்படி வற்றிப்போயிருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"யக்கா, ஒண்ணு கேக்கணும். நீ எடுத்தியே, அது நெஜமாவே வைரஸா?"

நான் குழாயை மூடினேன்.

"அவரு பாஸ்வேர்டு கேட்டாரு. நீதான சொல்லாதன்னே. நா சிரிச்சிக்கினே, அக்கா சொல்லக் கூடாதுன்னு சொல்லிச்சுன்னேன். அவரு சிரிக்கல. 'அந்தம்மா எத எடுத்தாங்க? யாரக் கேட்டு எடுத்தாங்க? எத மறைக்க ரெண்டு பேரும் சேர்ந்து பூட்டு போட்டீங்க'ன்னு ஆரம்பிச்சாரு. நாள் பூரா அதே பேச்சு. அப்பறம் நா என் தங்கச்சிக்கு எழுதனத வரி வரியா சொல்றாருக்கா. அவரு சந்தேகப்படறத எழுதியிருந்தேன். படிச்சி முடிச்சா நல்ல வேலைக்குப் போவலாம்னு எழுதியிருந்தேன். அதெல்லாம் அவருக்கு எப்படிக்கா தெரியும்?"

அங்கேயே, ஈரக் கையோடு, எல்லாவற்றையும் சொன்னேன். ஃபோல்டரை, படங்களை, அந்த மெயில் முகவரியை, தேதியை. அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போய்க் கை கழுவினார்கள்.

"அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அவரு கேக்கறப்போ நா சிரிச்சிருக்க மாட்டேங்க்கா" என்றாள்.

அதற்கு மேல் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை.

அன்று அவள் ஆரம்பாக்கம் போகவில்லை. நேராகச் செவ்வாப்பேட்டைக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். சில வாரம் கழித்து இரண்டு குடும்பத்துப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசப்போவதாகச் சொல்லி எனக்குப் போன் வந்தது. "நீ வரணும்க்கா. பாத்தத மட்டும் சொன்னா போதும்." இந்த முறை நான் யோசிக்கவே இல்லை. என் கணவர் வேண்டாம் என்றார். லீவு போட்டுவிட்டுப் போனேன்.

ஆரம்பாக்கத்தில் அவள் கணவருடைய பெரியப்பா வீடு. கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். அவளும் தங்கையும் ஒரு ஓரத்தில். அவர் எதிரே, வெள்ளைச் சட்டை போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா" என்றார்.

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். கெட்டவர் இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைத்தார்.

"சரிம்மா. அத எங்களுக்குக் காட்ட முடியுமா?"

"அழிச்சிட்டேங்க."

"போட்டோ கீட்டோ எதுனா எடுத்து வெச்சிருக்கியா?"

"இல்லைங்க."

அவர் தன் தம்பி மகன் பக்கம் திரும்பினார். "இன்னா நைனா, நீ இன்னா சொல்ற?"

"நா எதையும் போடல பெரிப்பா. எனக்கு அதெல்லாம் தெரியவும் தெரியாது." குரல் உயரவே இல்லை. "அன்னிக்கு ஊட்டுக்கு வந்தப்போ இந்த அக்காவே வைரஸ்னுதான் சொன்னாங்களாம். எம் பொண்டாட்டி சொல்லித்தான் எனக்கே தெரியும். வேணும்னா அவங்களையே கேளுங்க."

"அப்படிச் சொன்னியாம்மா?"

எல்லார் கண்ணும் என் மேல் இருந்தது. அவள் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று விளக்கப் பார்த்தேன். நாக்கு குழறியது. என் காதுக்கே அது பொய் போலக் கேட்டது.

"அன்னிக்கு வைரஸ்ன்னே. இன்னிக்கு எம் புள்ளைன்ற. நாங்க எத நம்பறது?" என்று கேட்டுவிட்டு, பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரத்தில் அவள் கணவர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. ஒத்தாசை செய்தவளைப் பார்க்கிற பார்வை அது. அந்தப் பார்வைக்குப் பதிலாக அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வீட்டோடு இரு, ஒழுங்காகக் குடும்பம் நடத்து என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அவள் முடியாது என்று சொல்லிவிட்டுத் தங்கையோடு கிளம்பிவிட்டாள். அப்புறம் ஊரில் என்ன பேச்சு வரும் என்று சொல்லவா வேண்டும்? கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துப் படிக்கவைத்த புருஷனை வேண்டாம் என்று போனவள் என்றார்கள். எங்கள் கேன்டீனிலும் அதைத்தான் சொன்னார்கள். நான் மறுத்துப் பேசினேன். பாதிப்பேர் நம்பினார்கள். அவள் மேஜைக்கு அதற்குள் வேறு ஆள் வந்துவிட்டது.

பிறகு நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். ஹார்டுவேர் கோர்ஸில் யாரும் சொல்லித் தராத விஷயம் இது. வெளியிலிருந்து வருகிற வைரஸ் என்றால் கண்டதும் எடுத்துவிடலாம். வீட்டுக்குள் இருப்பவரே வைத்த உளவு புரோகிராம் என்றால், எடுத்த அந்த நிமிடமே வைத்தவருக்குத் தெரிந்துபோகும். தினம் வந்துகொண்டிருந்த மெயில் நின்றுவிடுகிறதே! அதனால் அதில் முதலில் கை வைக்கக் கூடாது. அந்தப் பெண்ணிடம், அந்தக் கம்ப்யூட்டருக்கும் அந்த வீட்டுக்கும் வெளியே வைத்துச் சொல்ல வேண்டும். திரையைச் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். அவள் மெயில் பாஸ்வேர்டை வேறு ஒரு கம்ப்யூட்டரில் மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். தங்குவதற்கு ஒரு இடம், துணைக்கு ஒரு ஆள் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் எடுப்பதா வேண்டாமா என்பதே. அதையும் அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்திருக்கிறேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் செட்டிங்ஸ் ஒவ்வொன்றையும் அவ்வளவு கவனமாகப் பூட்டினேன். அவளிடம் மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவள் ஆவடிப் பக்கம் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். படிப்பு ஒரு வருடம் நின்றுபோய், பிறகு முடித்துவிட்டாள். செவ்வாப்பேட்டையில் தங்கை வீட்டு மாடியில் ஒரு ரூம். போன பொங்கல் கழித்து நான் அங்கே போயிருந்தேன். நன்றாகத்தான் வரவேற்றாள். டீ போட்டுக் கொடுத்தாள். என் உடம்பைப் பற்றி, ஆபீஸைப் பற்றி எல்லாம் விசாரித்தாள். தன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும், "போய்க்கினு இருக்குதுக்கா" என்பாள். முன்பெல்லாம் ஷேர் ஆட்டோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனி வருவதற்குள் முந்தின நாள் வீட்டில் வைத்த குழம்பு வரை சொல்லிவிடுகிறவள்.

மேஜையில் ஒரு பழைய லேப்டாப் இருந்தது. பழக்க தோஷம், "குடு, செட்டிங்ஸ் ஒரு தபா பாத்துத் தரேன்" என்று கை நீட்டிவிட்டேன்.

அவள் அதை மூடித் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள். "வேணாங்க்கா. நானே பாத்துக்கறேன். இப்போ எல்லாம் கத்துக்கினேன்" என்று சொல்லிச் சிரித்தாள். முறுக்குத் தட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

அதில் கோபம் இருந்திருந்தால் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு வழி கிடைத்திருக்கும். இல்லை. முறுக்கைத் தின்றுவிட்டு, கிளம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். ஸ்டேஷன் வரை கூடவே வந்து வழியனுப்பினாள்.

இன்றைக்கும் யாராவது, "யக்கா, சிஸ்டம் ஸ்லோவா இருக்குது, வந்து பாரேன்" என்றால் போகத்தான் செய்கிறேன். ஆனால் எதில் கை வைப்பதற்கு முன்னாலும், அந்த வீட்டுப் பெண்ணைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, நான் பார்ப்பது அத்தனையையும் அவளும் பார்க்கட்டும் என்று காத்திருக்கிறேன், ஒருத்திக்குச் செய்யத் தவறியதை இப்படி ஒவ்வொருத்திக்கும் செய்தாலும் அந்த ஒருத்தியின் கணக்கில் அது சேரப்போவதில்லை என்று தெரிந்தேதான்.